ஸ்பெக்க ஏஐ ஏஜென்டுக்கு எப்படி நிரை பிரிச்சு கொடுக்கிறது

தம்பி கேட்ட கேள்வி இதுதான். சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை ரேம்புக்கு (தோட்டக்காரங்ககிட்ட குலைய நிறுத்து வாங்கி மில்லுக்கு அனுப்புற எடம்) சிஸ்டம் செய்றார், ரேம்ப் முதலாளி தவ்கேகிட்ட ஒக்காந்து பேசி 14 பக்கத்துக்கு ஸ்பெக் (சிஸ்டம் என்னென்ன செய்யணும்ங்கிற விவரம்) எழுதியாச்சு, அத அப்படியே ஏஐ கோடிங் ஏஜென்ட்கிட்ட (நாம சொன்னா தானே கோட் எழுதுற ஏஐ) கொடுத்ததும் மொத நாள் பிரமாதமா ஓடுச்சு, மூணாவது நாள்லேந்து ஒன்ன சரி பண்ணா இன்னொன்னு உடையுது. இத எப்படி சின்ன சின்ன வேலையா பிரிக்கிறது, எவ்ளோ சின்னதா பிரிக்கணும்னு கேக்கறார். நானும் இதே ஊர்ல இருந்துகிட்டுதான் ஏஜென்ட் வச்சு வேலை பாக்கறேன், இதுல நெறைய அடிபட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டாவே எழுதறேன், பசியாறிட்டு வந்து படிங்க.

மொதல்ல பதில சொல்லிடறேன். ஒரு வேலை சரியா முடிஞ்சுதான்னு எப்படி பாப்பீங்கன்னு ரெண்டு மூணு வரியில எழுத முடியுதா, அந்த அளவுக்கு வெட்டுங்க. எழுத முடியலன்னா வேலை இன்னும் பெருசா இருக்கு, இல்லன்னா உங்களுக்கே அது என்னன்னு இன்னும் புரியல. பக்கக் கணக்கு, ஸ்கிரீன் கணக்கு எல்லாம் அளவுகோலே கெடையாது.

எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. விடியக்காலம் பெரட்டுல நிக்கிற ஆளுகிட்ட மண்டோர் "காட்டுக்குப் போய் பால் எடுத்துட்டு வா"ன்னு சொல்லமாட்டாரு. இந்த நிரை ஒனக்கு, இங்கேந்து இதுவரைக்கும்னு சொல்லுவாரு. நிரை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு வெட்டுற ஆளுக்கும் தெரியும் பக்கத்து நிரைக்காரங்களுக்கும் தெரியும், அடுத்தவங்க மரத்துல யாரும் கத்தி வைக்கமாட்டாங்க, அப்பறம் ஸ்டோர்ல பால நிறுத்து கிராணி பேருக்கு நேரா எழுதுவாரு. எல்லை, தொடக்கூடாத எடம், தராசு. ஏஜென்டுக்கு கொடுக்குற ஒவ்வொரு வேலையிலயும் இந்த மூணும் இருக்கான்னுதான் நான் இன்னைக்கும் பாக்கறேன்.

முழு ஸ்பெக்க ஒரே தடவையில கொடுத்தா ஏன் கெட்டுப்போகுதுன்னா, ஏஜென்ட் சோம்பேறியா இருக்கறதால இல்ல, அது ரொம்ப ஒழைக்குது. ஸ்பெக்ல சொல்லாம விட்டத அது பெரும்பாலும் கேக்காது, தானா ஒரு முடிவு எடுத்துகிட்டு போய்க்கிட்டே இருக்கும். 14 பக்கத்துல சொல்லாம விட்டது 50 எடம் இருந்தா 50 முடிவு உங்களுக்குத் தெரியாமலே கோட்குள்ள ஒக்காந்துடும். ஒவ்வொரு முடிவும் 100க்கு 95 தடவ சரியா இருக்குன்னே வைங்க, 20 முடிவு அடுத்தடுத்து சரியா அமையறதுக்கு வாய்ப்பு 36 சதவீதம்தான், 0.95ஐ 20 தடவ பெருக்கிப் பாருங்க. 2025 மார்ச்ல மீட்டர்ங்கிற ஆய்வு அமைப்பு ஒன்னு வெளியிட்டாங்க, மனுஷனுக்கு 4 நிமிஷத்துக்குள்ள முடியிற வேலைய அப்போ இருந்த நல்ல ஏஐ மாடல்கள் கிட்டத்தட்ட எல்லாமே முடிச்சுச்சு, 4 மணி நேரத்துக்கு மேல போற வேலையில 10 சதவீதம்கூட தேறல. அப்படி முடிக்கக்கூடிய வேலையோட நீளம் ஏறக்குறைய 7 மாசத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகுதுன்னும் அதுலயே சொன்னாங்க, அதனால இன்னைக்கு நம்பர் மாறியிருக்கும், ஆனா வேலை நீள நீள தவறும்ங்கிறது மாறல. இன்னொன்னு, நீளமான டெக்ஸ்ட் கொடுத்தா நடுவுல இருக்கறத மாடல் சரியா எடுத்துக்கிறதில்லன்னு 2023லயே ஒரு ஆய்வு வந்துச்சு. உங்க ஸ்பெக்ல 7ஆம் பக்கம் இருக்கிற கழிவு விதிதான், அதாவது குலை எடையிலேந்து எவ்ளோ கழிச்சுட்டு காசு கொடுக்கணும்ங்கிற விதிதான், அந்த நடு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், எல்லாரும் இத தாண்டிட்டு நேரா வெட்ட ஆரம்பிச்சுடறாங்க. வெட்டறதுக்கு முன்னாடி ஸ்பெக்க ஒரு தடவ சந்தேகத்தோட படிக்கணும். உங்க ஸ்பெக்ல கடைசி பக்கத்துல ஒரே ஒரு வரி இருக்கு, "மாசக் கடைசியில இ.பி.எஃப் பிடிச்சு ரேம்ப் ஆளுங்களுக்கு சம்பள சிலிப் போடணும்". தவ்கேக்கு அது ஒரு வரி, ஏன்னா அவரு கிராணி தலையில மீதி எல்லாம் இருக்கு. இ.பி.எஃப்ங்கிற ஊழியர் சேமநிதிக்கு தொழிலாளி பங்கு சம்பளத்துல 11 சதவீதம், முதலாளி பங்கு சம்பளம் 5,000 வெள்ளி வரைக்கும் 13, அதுக்கு மேல 12. 60 வயசு தாண்டுன மலேசியருக்கு தொழிலாளி பங்கு பிடிக்கவேண்டியதில்ல, முதலாளி 4 சதவீதம் கட்டணும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபர் சம்பளத்துலேந்து ரெண்டு பக்கமும் 2 சதவீதம். இதெல்லாம் போட்டாலும் இன்னும் முடியல, 20,000 வெள்ளிக்குள்ள உள்ள சம்பளத்துக்கு நம்ம ஆளுங்களோட பங்க நேரா சதவீதம் போட்டு எடுக்கக்கூடாது, இ.பி.எஃப் சட்டத்தோட மூணாவது அட்டவணையப் பாத்து எடுக்கணும். சம்பளம் 1,705 வெள்ளின்னா 11 சதவீதம் 187.55 வரும், ஆனா அட்டவணையில 1,700.01லேந்து 1,720 வரைக்கும் ஒரே வரிசை, அதுல தொழிலாளி பங்கு 190 வெள்ளி. ஏஜென்ட் 187.55ன்னு போடும், கோட் சுத்தமா இருக்கும், டெஸ்டும் (கோட் சரியான்னு பாக்குற சின்ன கோட்) பாஸ் ஆகும், சிலிப் தப்பா இருக்கும்.

அந்த ஒரு வரி ஒரு வேலை கெடையாது, கொறஞ்சது நாலு வேலை. அட்டவணைய டேட்டாவா ஏத்தறது ஒன்னு, சம்பளத்த வச்சு சரியான வரிசைய எடுக்கறது ஒன்னு, வயசும் குடியுரிமையும் பாத்து எந்த விதி பொருந்தும்னு முடிவு பண்றது ஒன்னு, சிலிப் அச்சடிக்கிறது ஒன்னு. இப்படி ஒவ்வொரு வரிக்கும் "இதுல ஒரு நம்பர் போட்டு கணக்கு பண்ணு"ன்னு உங்களையே கேளுங்க, எங்க முழிக்கிறீங்களோ அங்க ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. அந்தக் கேள்விய ஏஜென்ட்கிட்ட கேக்காதீங்க, தவ்கேகிட்ட கேளுங்க, பதில ஒரு ஃபைல்ல தேதியோட எழுதி வைங்க. நான் அதுக்கு முடிவு ஏடுன்னு பேர் வச்சிருக்கேன், ரெப்போவுலயே (கோட் எல்லாம் இருக்கிற ஃபோல்டர்) இருக்கும், ஏஜென்ட் அத படிச்சிட்டுதான் எந்த வேலையும் ஆரம்பிக்கணும். ஏஜென்ட ஒரு விஷயத்துக்கு மட்டும் இங்க நல்லா பயன்படுத்தலாம், "இந்த ஸ்பெக்க படி, கோட் எழுதாத, ரெண்டு விதமா அர்த்தம் எடுக்கக்கூடிய எடங்கள கேள்வியா எழுது"ன்னு சொன்னா நம்ம கண்ணுக்கு தப்புனது நெறைய கொண்டு வரும்.

விதிகள எழுதுறதுக்கு ஒரு பழைய முறை இருக்கு, ஈயர்ஸ்னு சொல்லுவாங்க, ரோல்ஸ் ராய்ஸ்ல வேலை பாத்த ஆலிஸ்டர் மாவினும் கூட இருந்தவங்களும் விமான எஞ்சின் கன்ட்ரோல் சிஸ்டத்துக்காக செஞ்சு 2009ல வெளியிட்டது. இது நடந்தா சிஸ்டம் இத செய்யணும், இந்த மாதிரி கோளாறு வந்தா சிஸ்டம் இத செய்யணும், அவ்ளோதான். ரேம்புக்கு எழுதுனா, ரெண்டாவது எடை (குலைய எறக்கிட்டு லோரி வெளிய போற எடை) பதிஞ்சதும் சிஸ்டம் நெட் எடைய, அதாவது உள்ள வந்த எடைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த, கணக்கு போடணும், ரெண்டாவது எடை மொத எடையவிட அதிகமா இருந்தா டிக்கெட் போடாம நிறுத்தி காரணம் காட்டணும். ரெண்டாவது மாதிரி வரிகள்தான் நம்ம ஸ்பெக்ல எப்பவுமே விட்டுப்போறது, லோரி எறக்காம திரும்பி வந்தா என்ன, தராசு லைன் கட்டானா என்ன, ஒரே லோரி ஒரே நாள்ல ரெண்டு தோட்டத்துக் குலைய கொண்டு வந்தா என்ன.

அடுத்து வெட்டுற விதம். நான் மொதல்ல செஞ்ச தப்பு, வேலைய அடுக்கு அடுக்கா பிரிச்சது, மொதல்ல டேட்டாபேஸ் முழுசா, அப்பறம் ஏபிஐ (டேட்டாபேஸையும் ஸ்கிரீனையும் இணைக்கிற நடுப் பகுதி) முழுசா, அப்பறம் ஸ்கிரீன் எல்லாம். ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி செஞ்சு ரெண்டு வாரம் ஒன்னுமே ஓட்டிப் பாக்க முடியல, கடைசியில சேத்து வச்சு பாத்தா டேபிள்ல எடை கிலோவுல இருக்கு, ஸ்கிரீன் டன்ல எதிர்பாக்குது, நடுவுல ஏபிஐ ஒரு எடத்துல 1,000ஆல வகுக்குது இன்னொரு எடத்துல வகுக்கல. ஒவ்வொரு அடுக்கும் தனியா டெஸ்ட் பாஸ். 1999ல நாசாவோட செவ்வாய் கிரக விண்கலம் தொலைஞ்சதும் இந்த மாதிரி யூனிட் குழப்பத்துலதான், ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு.

அதனால அடுக்கா வெட்டாதீங்க, மேலேந்து கீழ வரைக்கும் மெல்லிசா வெட்டுங்க. மென்பொருள் எழுதுற முறைகளப் பத்தி எழுதுன ஆலிஸ்டர் கோபர்ன் இத நடக்குற எலும்புக்கூடுன்னு சொல்லுவாரு, சதை இருக்காது, ஆனா தலையிலேந்து கால் வரைக்கும் இருக்கும், நடக்கும். உங்க ரேம்புக்கு மொத வேலை இதுதான், ஒரே ஒரு லோரி, உள்ள வர்ற எடைய கையால தட்டச்சு பண்றோம், வெளிய போற எடைய தட்டச்சு பண்றோம், நெட் எடை ஸ்கிரீன்ல வருது, டேட்டாபேஸ்ல ஒக்காருது. கழிவு இல்ல, விலை இல்ல, லாகின் இல்ல, தராசு இணைப்பு இல்ல. இது ஓடிடுச்சுன்னா தவ்கேக்கே காட்டலாம், அவரு பாத்த உடனே "நம்ம தராசு 10 கிலோ கணக்குலதான் காட்டும், 3,426னு எப்படி வரும்"னு சொல்லுவாரு, ஸ்பெக்ல அந்த வரி இருந்திருக்காது. அதுக்கப்பறம் கழிவு, அப்பறம் விலை, அப்பறம் டிக்கெட் அச்சு, ஒவ்வொன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்து மேல ஒரு மெல்லிய பூச்சா வரணும்.

எந்த எடத்துல எல்லை போடுறதுன்னு சந்தேகம் வந்தா, எது அடிக்கடி மாறுமோ அத தனியா அடைச்சு வைங்க. கணினி விஞ்ஞானி டேவிட் பார்னஸ் 1972லயே ஒரு கட்டுரையில இத சொல்லிட்டாரு, வேலை நடக்குற வரிசைப்படி புரோகிராம பிரிக்காதீங்க, மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்னையும் ஒரு பகுதிக்குள்ள மறைங்கன்னு. மில் தர்ற விலை தினம் மாறும், கழிவு விதி தவ்கே மனசுப்படி மாறும், தராசு கம்பெனி மாறலாம், இந்த மூணும் தனித்தனி எடத்துல இருந்தா ஏஜென்ட்கிட்ட "கழிவு ஃபைல மட்டும் தொடு"ன்னு சொல்ல முடியும். கோட் கொழகொழன்னு இருந்தா வேலைய எவ்ளோ அழகா எழுதுனாலும் அது பத்து ஃபைல தொட்டே ஆகணும்.

ஒரு வேலைய நான் எப்படி எழுதுவேன்னு முழுசா காட்டறேன், கழிவு வேலைய எடுத்துக்குவோம்:

"நெட் எடையிலேந்து கழிவு சதவீதத்த கழிச்சு, பணம் கொடுக்கவேண்டிய எடைய கணக்கு போடு. கழிவு நெட் எடை மேலதான், லோரியோட சேத்த மொத்த எடை மேல இல்ல. கழிவு கிலோவ பக்கத்து முழு கிலோவுக்கு ரவுண்ட் பண்ணு. எடை எல்லாம் முழு எண் கிலோ, பணம் எல்லாம் முழு எண் காசு, தசமம் வேணாம். உதாரணம்: உள்ள 7,860, வெளிய 3,420, நெட் 4,440, கழிவு 3 சதவீதம், கழிவு எடை 133, பணத்துக்கான எடை 4,307. கழிவு 0னா நெட் எடையே வரணும். கழிவு 100க்கு மேல இல்ல 0க்கு கீழ வந்தா ஏத்துக்காத. கழிவு ஃபைலயும் அதோட டெஸ்ட் ஃபைலயும் மட்டும் தொடு, டேபிள் அமைப்ப மாத்தாத, மாத்தினாதான் முடியும்னு தோணுனா நிறுத்தி கேளு. நான் கொடுத்த உதாரணங்கள மாத்தாத. டெஸ்ட் கமாண்ட ஓட்டி எல்லாம் பாஸ் ஆனதுக்கப்பறம்தான் முடிஞ்சுதுன்னு சொல்லு."

இதுல ஏன் அந்த ரெண்டாவது வரி இருக்குன்னா, அத எழுதாம ஒரு தடவ மாட்டிகிட்டேன். "எடையிலேந்து கழி"ன்னு மட்டும் எழுதுனேன், ஏஜென்ட் மொத்த எடைய எடுத்துக்கிச்சு, டெஸ்டயும் அதுவே எழுதுச்சு, அது போட்ட கணக்குக்கு அது எழுதுன டெஸ்ட் பாஸ் ஆகாம என்ன செய்யும். மேல உள்ள நம்பருக்கே போட்டுப் பாருங்க, 7,860க்கு 3 சதவீதம் 236 கிலோ, பணத்துக்கான எடை 4,204 ஆயிடும். டன் 820 வெள்ளின்னு வச்சா 3,531.74 வரவேண்டிய எடத்துல 3,447.28, ஒரு லோரிக்கு 84 வெள்ளி 46 காசு கொறையுது. சின்ன தோட்டம் வச்சிருக்கிற ஒரு ஆளுக்கு அது சின்ன காசு இல்ல, எங்கூர்ல பாதி பேர் அந்தக் காசுலதான் பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு கட்டுறாங்க. அதனாலதான் உதாரண நம்பர நீங்களே கையால கணக்கு போட்டு எழுதணும்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன், தராசு உங்க கையில இருக்கணும், வெட்டுற ஆளே நிறுத்து எழுதக்கூடாது. டெஸ்ட் ஃபெயில் ஆனா சில ஏஜென்ட் கோட சரி பண்ணாம டெஸ்ட மாத்திட்டு வந்து பச்சை காட்டும், டிஃப்ல, அதாவது கோட்ல என்னென்ன மாறுச்சுன்னு காட்டுற பட்டியல்ல, டெஸ்ட் ஃபைல் மாறியிருந்தா மொதல்ல அதத்தான் நான் தொறப்பேன்.

அளவு எவ்ளோன்னு கேட்டீங்கல்ல. ஒட்டுக்கடையில ஒரு தே குடிக்கிற நேரத்துக்குள்ள அந்த டிஃப முழுசா படிச்சு புரிஞ்சுக்க முடியணும், எனக்கு அது 200, 300 வரி. தலைப்புல "அப்பறம்", "கூடவே" மாதிரி வார்த்தை வந்தா அது ரெண்டு வேலை. ஒரே கமிட்டா (ஒன்னா பதிஞ்சு வச்ச மாற்றமா) திரும்ப எடுத்துட முடியணும். ரொம்ப சின்னதா வெட்டுறதும் தப்புதான், "ஒரு பட்டன் போடு", "பட்டனுக்கு கலர் போடு"ன்னு பிரிச்சா ஒவ்வொரு தடவையும் சூழ்நிலைய திரும்ப சொல்லியே நேரம் போயிடும், எதையும் தனியா ஓட்டிப் பாக்கவும் முடியாது.

வரிசையப் பத்தி சுருக்கமா. டேபிள் அமைப்ப மாத்துற வேலை எப்பவும் தனியா, மொதல்ல, அது மெர்ஜ் ஆகி மெயின் கோட்ல சேர்ற வரைக்கும் வேற எந்த ஏஜென்டும் ஓடக்கூடாது. அதுக்கப்பறம் ஒன்னோட ஒன்னு ஒரே ஃபைல தொடாத வேலைகள ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஏஜென்டுக்கு கொடுக்கலாம், கிட் வொர்க்ட்ரீ போட்டு ஒவ்வொன்னுக்கும் தனி ஃபோல்டர் கொடுத்துடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் புது செஷன் தொறங்க, நேத்து நடந்த வாக்குவாதம் எல்லாம் இன்னைக்கு வேலைக்கு வேணாம். எல்லா வேலைக்கும் பொதுவான விதிகள, அதாவது காசு முழு எண், எடை கிலோ, டெஸ்ட் ஓட்டுற கமாண்ட், தொடக்கூடாத ஃபோல்டர், இதெல்லாம் ஏஜென்ட்ஸ் டாட் எம்டி (AGENTS.md, ஏஜென்ட் வேலைய ஆரம்பிக்கறப்ப படிக்கிறது) ஃபைல்ல ஒரு பக்கத்துக்குள்ள வைங்க. அது பத்து பக்கமா வளந்தா திரும்பவும் அந்த நடுப்பக்க பிரச்சனைதான்.

இதுக்குன்னே டூல் வந்திருக்கு, அமேசானோட கிரோ 2025 ஜூலையில வந்துச்சு, தேவை, டிசைன், வேலைப் பட்டியல்னு மூணு ஃபைலா பிரிச்சு கொடுக்கும், தேவைய எழுதுறதுக்கு நான் சொன்ன அந்த ஈயர்ஸ் முறையத்தான் எடுத்திருக்காங்க. கிட்ஹப்போட ஸ்பெக் கிட் அதே வருஷம் செப்டம்பர்ல வந்துச்சு, அதுவும் ஸ்பெக், பிளான், டாஸ்க்னு படி படியா போகும். ரெண்டும் பயன்படுத்தலாம், நான் விரும்பி பயன்படுத்தறது ஸ்பெக் கிட்தான், ஆனா அது கொடுக்கிற பட்டியல அப்படியே ஓட விடாதீங்க. 40 வேலைன்னு வரும், பாக்க நிறைவா இருக்கும், ஒவ்வொன்னையும் எடுத்து "இது முடிஞ்சுதுன்னு நான் எப்படி பாப்பேன்"னு கேட்டா பத்து பதினஞ்சு வேலைக்கு பதில் இருக்காது. அத நீங்க எழுதணும், இல்லன்னா அடிச்சுடணும்.

உங்க விஷயத்துக்கு வரேன். இப்ப இருக்கிற கோட ஒரு பக்கம் கிளையா (அழிக்காம தனி பிரதியா) வச்சிட்டு புதுசா ஆரம்பிங்க, மூணு நாள் வேலைதானே போகுது. மில்லுக்கு அனுப்புற பகுதி, சம்பளம், ரிப்போர்ட் எல்லாத்தையும் இப்போதைக்கு தொடாதீங்க, எலும்புக்கூடு, கழிவு, விலை, டிக்கெட், இந்த நாலுக்கும் மட்டும் வேலை எழுதுங்க. விலைக்கு முன்னாடி தவ்கேகிட்ட கையில காசா கொடுக்கறாரா பேங்க்ல போடறாரான்னு கேட்டுக்குங்க, 2008 ஏப்ரல்லேந்து கடையில பில்ல 5 காசுக்கு ரவுண்ட் பண்றாங்கல்ல, இவரு 3,531.74க்கு கையில 3,531.75 கொடுக்கறாரா 3,531.70 கொடுக்கறாரான்னு ஸ்பெக்ல இல்ல. அப்படியே அவருகிட்ட பழைய டிக்கெட் புக்க வாங்கி ஒரு 20 டிக்கெட்ட ஃபோன்ல படம் எடுத்துக்குங்க, அதுல உள்ள நம்பர்தான் உங்க டெஸ்ட் உதாரணம். மழை நாள் டிக்கெட் மூணு நாலு கண்டிப்பா சேத்து எடுங்க, ஈரக் குலைக்கு கழிவு வேற மாதிரி போட்டிருப்பாங்க, அந்த விதியும் உங்க 14 பக்கத்துல எங்கயும் இல்ல.